குருவிக்குக் கொடுத்த பிடிமண்

பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஒரு பாடத்தை நன்றாக மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சின்னப் பிள்ளையை உட்கார வைத்து எடுத்த எடுப்பில் எழுதச் சொல்லக் கூடாது. முதலில் கை பழக வேண்டும். வரையட்டும், கிழிக்கட்டும், ஒட்டட்டும், பிசையட்டும். இதற்கு வேண்டிய வண்ணத் தாள், பசை, மெழுகுக் கட்டி எல்லாம் அங்கே ஒரு பீரோ நிறைய இருந்தன. இருபத்தொரு வயதில் அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டு, குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு அரிச்சுவடி வகுப்பு டீச்சராக வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பீரோவே இல்லை.

அது யுத்த காலம். ஆஜர்ப் பட்டியலுக்குக்கூடத் தாள் கிடைக்காமல், தலைமையாசிரியர் பழைய பட்டியலின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் வண்ணத் தாள் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “யுத்தம் முடியட்டும்மா, கப்பல்ல வரும்” என்றார். கேலியாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபம் மூக்கின் மேல் நிற்கிற வயது எனக்கு. உங்கள் தாளும் வேண்டாம், கப்பலும் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இருபத்து மூன்று பிள்ளைகள், எல்லாரும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தட்டைப் பாறை இருந்தது. எங்கள் சீமையில் பாறைக்கா பஞ்சம்! அதையே தாளாக வைத்துக்கொண்டோம். வண்ணத்துக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. சிலேட்டு அழிக்கிற கோவை இலையைக் கசக்கினால் பச்சை. செம்மண்ணைக் குழைத்தால் சிவப்பு. ஆவாரம்பூவை நசுக்கினால் மஞ்சள். கறுப்புக்கு அடுப்புக்கரி. ஊதாவுக்கு நாவல் பழம் கொண்டுவரச் சொன்னேன். மடி நிறையக் கொண்டுவந்தார்கள். பாறையில் ஒரு பொட்டு ஊதாகூட விழவில்லை, இருபத்து மூன்று நாக்கும் ஊதாவாகிவிட்டன. நானும் நாலைந்து தின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தூரிகைக்கு வேப்பங்குச்சி. காலையில் பல் விளக்குகிற அதே குச்சிதான். நுனியை நன்றாக மென்றால் நார் நாராகப் பிரிந்து விசிறிபோல் வந்துவிடும். மென்று மென்று வாய் கசந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே வரைந்தார்கள். மாடு வரைந்தார்கள், பனைமரம் வரைந்தார்கள், என்னை வரைந்தார்கள். என் கொண்டையை மட்டும் உடம்பைவிடப் பெரிசாகப் போட்டார்கள். புளியங்கொட்டையை வரிசையாக வைத்து ரயில் விட்டார்கள். ஒரு காற்றடித்தாலோ ஆடு நடந்தாலோ எல்லாம் போய்விடும். எனக்குத்தான் மனசு அடித்துக்கொள்ளும், அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பாறை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மேலத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் வேப்பங்கொட்டை காயப்போட அங்கே வருவாள். கொட்டையில் பாதி செம்மண் சிவப்பிலும் பாதி ஆவாரம்பூ மஞ்சளிலும் இருப்பதைப் பார்த்த அன்று அவள் போட்ட சத்தம் குடுமியான்மலைக் கோபுரத்துக்கே கேட்டிருக்கும். “படிக்க வச்சா படிக்க வைக்கணும். பாறையில பூசி வெளையாடவா சர்க்காரு சம்பளம் குடுக்குது?” என்றாள். நான் பதிலுக்குப் பதில் பேசினேன். அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. அவள் பாறையின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து கொட்டையைக் கிண்டிக்கொண்டே எங்களைக் கவனிப்பாள்.

வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஊருக்குச் சட்டி பானை செய்கிற வேளார் வீட்டுப் பெண், ஆறு வயது. அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தாய் இல்லை. அப்பா காலையில் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் உள்ளே போய் உட்காருகிறவரை வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அவள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி மூலையில் இருப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். மந்தமான பிள்ளை என்று நான் நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

ஆவணி மாசம் ஒருநாள், மண் பிசையலாம் என்று முடிவு செய்தேன். ஒட்டுகிற மண்ணாகப் பார்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் பாறை முழுக்க மண் குவியல். ஒருவன் கொண்டுவந்தது வெறும் மணல். ஒருத்தி கொண்டுவந்ததில் பாதி சாணி. தண்ணீரை ஊற்றிப் பிசைந்தால் எல்லாம் கூழாக ஓடியது, இல்லாவிட்டால் உதிர்ந்தது. என் பயிற்சிப் பள்ளி மெழுகுக் கட்டி இப்படியெல்லாம் செய்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அவள் எழுந்து வந்தாள். ஒவ்வொரு குவியலாகப் போனாள். கிள்ளி எடுத்தாள், விரலில் தேய்த்தாள், மோந்தாள். “இது வெடிக்கும்.” “இதுல உப்பு.” “இதுல கல்லு, பொறுக்கிட்டுக் குடு.” அவள் குரலையே அன்றுதான் நான் கேட்டேன், கணீரென்று இருந்தது. பிள்ளைகள் அவள் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். அவள் கல்லைப் பொறுக்கி, இதோடு அதைக் கலந்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தி அழுத்திப் பிசைந்து, உருண்டையாக்கித் திருப்பிக் கொடுத்தாள். அந்த உருண்டையில் விரலை வைத்தால் விரல் ரேகை பதிந்தது. ஒரு டீச்சர் தேவைப்பட்ட இடத்தில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

வரிசையில் கடைசியாக ஊர்த் தலைவரான அம்பலகாரரின் மகன் வந்தான். ஐந்து வயது, இடுப்பில் வெள்ளி அரைஞாண். மண் சிந்தக் கூடாதென்று வீட்டிலிருந்து ஒரு பித்தளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். மாவு மாதிரி நைசான மண். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். “அய்யனார் கோயில் புத்துல டீச்சர்” என்றான். அவளுக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அவன் தட்டிலிருந்து அள்ளி அவள் கையில் வைத்தான். அவனுக்கு உருண்டையாகத் தராமல், அவன் கேட்டபடி அவளே ஒரு குருவி செய்து கொடுத்தாள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கிற குருவி.

பாறையின் அந்த ஓரத்தில் வேப்பங்கொட்டைக்கார அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னுடைய போதனா முறையைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையிலேயே அன்று சாயங்காலம் என் பயிற்சி ஆசிரியைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அந்தக் குழந்தையின் அப்பா வந்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கூட அவள் இல்லை. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போயிருந்தது. அவர் முகத்தில் ஈ ஆடவில்லை.

“எம் புள்ளைய இனிமே அனுப்பல டீச்சரம்மா. பேரை அடிச்சிருங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

“அம்பலகாரவுக மகன்கிட்ட புடிமண்ணு வாங்கிப்புட்டா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் புதுக்கோட்டை டவுனில் வளர்ந்தவள். அய்யனாருக்கு மண்குதிரை செய்து ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போகிற புரவி எடுப்பைப் பார்த்திருக்கிறேன். அது எப்படித் தொடங்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர்தான் நின்றபடியே சொன்னார். ஊர் கூடி முடிவு செய்தால், அம்பலகாரர் கோயில் எல்லையில் ஒரு பிடி மண் எடுத்துத் தட்டில் வைத்து வேளார் கையில் கொடுப்பார். அதுதான் பிடிமண். அந்த மண்ணை வேளார் குதிரைக்கான களிமண்ணில் கலப்பார். வாங்கிய பிறகு பின்வாங்க முடியாது. குதிரை செய்யாமல் விட்டால் அய்யனார் குற்றம், வாங்கிய வீட்டைச் சும்மா விடாது.

கோயில் மண். பித்தளைத் தட்டு. கொடுத்தது கொடுக்கிற உரிமையுள்ள வீட்டு வாரிசு, வாங்கியது வாங்குகிற வீட்டு வாரிசு. நான் யோசித்து ஏற்பாடு செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

“அப்படின்னா குதிரையைச் செஞ்சிட வேண்டியதுதானே?” என்று ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்த ஊரில் ஏழெட்டு வருஷமாகப் புரவி எடுப்பே நடக்கவில்லையாம். முதல் குதிரையைத் தூக்குவது மேலத் தெருவா, கீழத் தெருவா என்று தகராறு வந்து, அரிவாள் தூக்குகிற அளவுக்குப் போய் நின்றுவிட்டது. அம்பலகாரர் மேலத் தெரு. சின்னப் பிள்ளையை விட்டுக் கமுக்கமாகப் பிடிமண் கொடுத்துவிட்டார், வேளாரும் அதற்கு உடந்தை என்று கீழத் தெருவில் இரவோடு இரவாகப் பேச்சாகிவிட்டது. குதிரை செய்தால் சூளையை உடைப்போம் என்று காலையில் இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“செஞ்சா ஊரு விடாது. செய்யலன்னா சாமி விடாது. நான் எங்கிட்டுப் போறது டீச்சரம்மா?” என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், “நேத்து ராத்திரி அது கையில ஒரு போடு போட்டுட்டேன். இதுநா வரைக்கும் அடிச்சதில்ல. யாரு எது குடுத்தாலும் கையில வாங்காதேன்னு அய்யனார் மேல சத்தியம் பண்ணச் சொன்னேன்” என்றார்.

அவள் என்ன தப்பு செய்தாள்? நல்ல மண்ணை நல்ல மண் என்று கண்டுகொண்டாள், அவ்வளவுதான். மண் கொண்டுவரச் சொன்னது நான். அடி வாங்க வேண்டியது என் கை.

அன்று சாயங்காலம் ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் ஊர் கூடியது. போகக் கூடாது என்று தலைமையாசிரியர் என்னிடம் கெஞ்சினார். “பொம்பளப் புள்ள அங்க போய்ப் பேசப்படாதும்மா. ஊர் விவகாரம். உத்தியோகத்துக்கு ஆபத்து.” எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற புத்தி எனக்கு. போனேன். மரத்தடியில் மேலத் தெருக்காரர்கள் ஒரு பக்கமும் கீழத் தெருக்காரர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வேளார் நின்றார். அவர் காலைக் கட்டிக்கொண்டு அந்தக் குழந்தை. என்னைப் பார்த்ததும் முகத்தை வேட்டிக்குள் புதைத்துக்கொண்டாள்.

தப்பு என்னுடையது, பிள்ளைகளுக்கு விளையாட்டு, எனக்கு இந்த வழக்கம் தெரியாது என்று சொன்னேன். சத்தமாகவே பேசினேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் பேசி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். வேப்பங்கொட்டைக்கார அம்மாளைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்கள். தட்டில் வைத்துத்தான் கொடுத்தான், இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினாள், என் கண்ணால் பார்த்தேன் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றையும் சொன்னாள். “அதுக்காகச் சின்னப் புள்ளய நிக்க வச்சு வெசாரிப்பீகளா? வெக்கமா இல்ல?”

கீழத் தெருப் பக்கம் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அதுவரை வாயே திறக்காதவர், அம்பலகாரரைப் பார்த்து, “ஒங்க மகனைக் கூப்பிடுங்க. குடுக்கும்போது என்ன சொல்லிக் குடுத்தான்னு கேப்போம். வாய்ச்சொல்லு இல்லாம புடிமண்ணு ஏது?” என்றார்.

பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததில் மிரளவில்லை, குஷியாக இருந்தான்.

“என்னடா சொல்லிக் குடுத்தே?” என்று அம்பலகாரர் கேட்டார்.

“குருவி செஞ்சு குடுன்னேன்.”

“குதிரைன்னு சொன்னியா?”

“குதிரை கடிக்கும்” என்றான்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அம்பலகாரர் மீசையைத் தடவிக்கொண்டு, “குருவி எங்கடா?” என்றார்.

“தாகமா இருந்துச்சு. குடத்துக்குள்ள விட்டேன். காணாமப் போச்சு” என்று சொன்னபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. கரைந்துபோன குருவிக்காக அவன் மந்தையில் விழுந்து அழுதான். அதற்குள் இரண்டு தெருவும் சிரித்துக்கொண்டிருந்தன. ஏழெட்டு வருஷத்தில் இரண்டு தெருவும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கடுக்கன்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “கேட்டது குருவி. குருவிக்கு ஏதுய்யா மேலத் தெரு, கீழத் தெரு? ஒரு குருவியைச் செஞ்சு அய்யனாருகிட்ட வச்சிட்டுப் போகச் சொல்லு. புடிமண்ணு தீந்துச்சு.”

அம்பலகாரரும் தலையை ஆட்டினார். வேளார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் செய்த குருவியை நான் போய்ப் பார்த்தேன். சாமிக்குக் கட்டைவிரல் அளவில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. ஒரு கோழி அளவுக்குச் செய்து, சுட்டு, சுண்ணாம்பு பூசி, பழைய குதிரைகளின் காலடியில் வைத்திருந்தார்.

அதோடு தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பத்து நாள் கழித்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அப்பா கூடவே வந்தார், ஆனால் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை. அவள் கைகள் இரண்டும் அக்குளில் இருந்தன. சிலேட்டை நீட்டினேன், வாங்கவில்லை. தரையில் வைத்தேன், குனிந்து எடுத்துக்கொண்டாள். பலப்பக் குச்சியும் அப்படித்தான். யாராவது எதையாவது நீட்டினால் கைகள் இரண்டும் அக்குளுக்குள் போய்விடும்.

முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஓணான் குட்டியிலிருந்து கொய்யாப் பழம்வரை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்ப்பார்கள். கொய்யாப் பழத்தைப் பார்த்து எச்சில் விழுங்குவாள், கையை நீட்ட மாட்டாள். மண் பிசைவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். பாறைக்குப் போனாலும் இலை, பூ, கொட்டை என்று இருந்துகொண்டேன். அவள் குரலும் பழையபடி காணாமல் போயிருந்தது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவள் கையை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பலப்பக் குச்சியை உள்ளே வைத்து மூடினேன். “ஒண்ணும் ஆகாது பாரு, பாரு” என்று அதட்டினேன். அவள் கத்தவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டியது. குச்சியைக் கீழே போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அப்பாவாவது பயத்தில் அடித்தார். நான் செய்தது அதைவிட மோசம். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். சத்தியத்தை நீங்களே எடுத்துவிடுங்கள், உங்கள் வாயால் சொன்னால் கேட்பாள் என்றேன்.

“நூறு வாட்டி சொல்லிட்டேன் டீச்சரம்மா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, சாமி முன்னாடி, சத்தியம் தீந்துபோச்சு தாயின்னும் சொல்லிட்டேன். தலையை ஆட்டுது. வீட்டுக்கு வந்து ஒரு உருண்டை மண்ணை நீட்டுனா பின்னால போயிருது. சோத்தைக்கூடத் தட்டுல போட்டுத் தரையில வச்சாத்தான்.” அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார், முழங்கைவரை ஈரக் களிமண். “மண்ணைத் தொடாத வேளார் புள்ளைய நான் பெத்து வச்சிருக்கேன்” என்று சொல்லி, களிமண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. இந்தக் குழந்தையின் கையை மூடிவிட்டது நான்தான், திறக்கத் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் இதற்குப் பாடம் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் ஓயாமல் பெய்து, ஒருநாள் காலையில் வெயில் வந்தது. பாறை கழுவிவிட்டது போல் இருந்தது. எங்கள் படங்கள் ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகள் வெளியே போக வேண்டும் என்று ஒரே ரகளை. எனக்கும் உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. பாறையில் போய் உட்கார்ந்ததும், யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், வாயில் வந்ததைச் சொன்னேன். “இன்னிக்கு நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். நான் செய்யறேன். மண்ணு நீங்க கொண்டாந்து குடுங்க.”

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். டீச்சர் கையில் மண் போடுவது என்றால் விடுவார்களா? சுற்றிலும் ஈர மண் கிடந்தது. ஓடி ஓடி அள்ளிக்கொண்டுவந்து என் கையில் கொட்டினார்கள். வழிந்து சேலையெல்லாம் சேறு. அம்பலகாரர் மகன் இரண்டு தடவை வந்தான். வேப்பங்கொட்டைக்கார அம்மாள் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

அவள் தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. ஒரு தடவை அவசரப்பட்டது போதும். கடைசியில் அவளே குனிந்தாள். பாறை இடுக்கில் தண்ணீர் வடிந்து தங்கிய இடத்தில், விரலால் மேலாகச் சீவி, கொஞ்சம் மண் எடுத்தாள். கல்லை அகற்றினாள். வந்து என் கையிலிருந்த குவியலுக்கு மேலே அதை வைத்தாள்.

“என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன்.

“மாடு” என்றாள்.

நான் மாடு செய்தேன். எனக்கு மண் வேலை சுத்தமாக வராது, நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கால் வைத்தால் உடம்பு உட்கார்ந்தது. உடம்பை நிமிர்த்தினால் தலை தொங்கியது. கொம்பு என்று நினைத்து வைத்ததைப் பார்த்து ஒருவன் “காது” என்றான், இன்னொருத்தி “வாலு” என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் காலை ஒட்டினேன். திரும்பத் திரும்ப விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கால் விழும்போதும் அவள் முகம் சுருங்கியது. அக்குளிலிருந்த கைகள் எப்போது வெளியே வந்தன என்று நான் பார்க்கவில்லை. நான் நாலாவது தடவையாகப் பின்னங்காலை அமுக்கினேன். மாட்டின் முதுகு இரண்டாகப் பிளந்தது. அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அய்யோ, அப்பிடி இல்ல டீச்சர்!” என்று சத்தம் போட்டு, இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “குடுங்க இங்கிட்டு.”

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. கீழே போட்டுவிடாமல் அந்த மாட்டை அவள் கையில் கொடுத்தேன்.